மாதம்மாவின் நாக்கில் கொட்டிய தேனீ

கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் உங்களைப் பார்க்க வந்தபோது ஒரு ஓரமாக உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உங்களில் ஒருவர் ஓடிப்போய், அவளுக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, "என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார். அவன் சொன்னான். நீங்கள் தலையாட்டினீர்கள். நாற்காலியில் இருந்தவளுக்கு நினைவு இருந்தது, காது கேட்டது, பேசவும் தெரிந்திருந்தது. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது. ஓய்வு பெற்றவள் வந்த இடத்தில் சத்தம் போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நீங்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் எப்போதுமே கோபக்காரி. விருதுநகர்ப் பக்கம் பிறந்து, நர்சிங் படித்து, ஓசூரில் ஃபேக்டரி வேலையில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். வந்த புதிதில் இங்கே பேசுவது எனக்குப் பாதிதான் புரியும். தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் இழுத்து, தமிழில் முடிப்பார்கள். அப்புறம் நானே அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டேன். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில்தான் என் சர்வீஸில் பாதிக்கு மேல் கழிந்தது. நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் ஓட ஆரம்பிக்காத காலம். லாரி டிரைவர்கள், ஃபேக்டரி ஆட்கள், சீசனில் மாங்கூழ் கம்பெனிகளுக்கு வரும் பெண்கள் என்று யார் யாரோ, கிடைத்த வண்டியில் வந்து இறங்குவார்கள்.

வாய்க்குள் பூச்சி கொட்டுவதைப் பற்றி நாங்கள் படித்த பாடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. கையில் கொட்டினால் வலிக்கும். கன்னத்தில் கொட்டினால் முகம் கோணிக்கொண்டு வீங்கும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் வடிந்துவிடும். நாக்கிலோ தொண்டையிலோ கொட்டினால் அப்படி இல்லை. அங்கே வீங்குவதற்கு வேறு இடம் கிடையாது. இருக்கிற ஒரே இடம் மூச்சு போகிற வழி. எங்கள் பக்கத்தில் இது அபூர்வமான கேஸும் அல்ல. பாதி குடித்து வைத்த கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்குள் குளவி இறங்கியிருக்கும். கரும்புச்சாறு டம்ளரில் தேனீ மிதக்கும். பார்க்காமல் வாயில் ஊற்றிக்கொள்வார்கள்.

அப்படி வந்த ஒரு லாரி டிரைவருக்கு, சாப்பிட நிறுத்திய இடத்தில் யாரோ நல்ல எண்ணத்தோடு நாக்கில் சுண்ணாம்பைத் தடவி அனுப்பியிருந்தார்கள். கொட்டினதால் ஒரு வீக்கம், சுண்ணாம்பில் வெந்ததால் இன்னொரு வீக்கம். "கையில கடிச்சா சுண்ணாம்புதானங்க வெக்கறம்?" என்று கூட வந்தவர் என்னிடமே சண்டைக்கு நின்றார். கையும் நாக்கும் ஒன்றா ஐயா என்று நானும் கத்தினேன். கொட்டியவுடன் கொடுக்கு தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். வாய் கொப்பளிக்கக் குளிர்ந்த தண்ணீர், விழுங்க முடிந்தால் சப்புவதற்கு ஐஸ்கட்டி, படுக்க வைக்காமல் உட்கார வைப்பது, நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரி. வெளியே இருப்பவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இதற்கு ஒரு படிப்பும் வேண்டாம். மாதம்மாவுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மாதம்மா சிங்காரப்பேட்டைப் பக்கத்துப் பெண். மாங்காய் சீசனில் மாங்கூழ் கம்பெனியில் பழம் அறுக்க வந்தவள். அந்தக் கம்பெனிகளில் ஆட்களைத் தனித்தனியாக எடுப்பதில்லை. ஒரு மேஸ்திரி ஊருக்குள் போய்ப் பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து ஒரு செட்டாகக் கூட்டிக்கொண்டு வருவார். நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் ஒரே செட். வேலை கொடுப்பதும் செட்டுக்குத்தான், வேலையை விட்டுத் துரத்துவதும் செட்டைத்தான். அதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஒருத்தி ஒரு துண்டுப் பழத்தை வாயில் போட்டது தெரிந்தால், அன்றைக்கே அந்தச் செட் மொத்தத்தையும் வண்டி ஏற்றிவிடுவார்கள். சீசன் முழுவதற்கும் வேலை கிடையாது. இப்படி ஒரு சட்டம் எந்தப் போர்டிலும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனாலும் ஷெட்டுக்குள் கால் வைக்கிற எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்குக் காவல் காக்கிற வேலைகூட மிச்சம். ஓரகத்தியை நாத்தனார் காவல் காப்பாள்.

அழுகின பழத்தை டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுகிற கம்பெனி அது. தோலும் கொட்டையும் மலையாகக் கிடக்கும். அந்த நாற்றத்துக்கும் இனிப்புக்கும் ஈயும் தேனீயும் அப்பிக்கிடக்கும். ஷெட்டுக்கு அரைச் சுவர்தான், வலை கிலை எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு துண்டு தின்றால் திருட்டு.

ஒரு நாள் மத்தியானம் தாண்டிய நேரம். கம்பெனி ஜீப் வந்து நின்றது. முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட சூப்பர்வைசர் இறங்கினார். பின்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி இன்னொருத்தியைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அணைத்து வந்தவள் நாத்தனார் சின்னப்பொண்ணு, தள்ளாடி வந்தவள் மாதம்மா என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு டியூட்டியில் இருந்த டாக்டர் கோலார் பக்கத்துக்காரர். வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர், கை சுத்தம், ஆனால் தமிழ் அப்போது அவருக்கு நாலு வார்த்தைதான். சூப்பர்வைசர் கன்னடத்தில் சரளமாகப் பேசுகிறவர். டாக்டரைப் பார்த்ததும் அவரே கதையைச் சொல்லிவிட்டார்.

"பெளிகெயிந்த ஊட்டா மாடில்ல சார். தலெ சுத்து."

காலையிலிருந்து சாப்பிடவில்லை, தலைசுற்றல் என்றார். சாப்பிடவில்லை என்பது மட்டும் உண்மை. ஏன் சாப்பிடவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. "ஒரு குளுக்கோஸ் ஏத்தி அனுப்புங்க சிஸ்டர், சாயங்காலம் லோடு முடிக்கணும்" என்று என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். ஓட்டலில் டிபன் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவள் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி படுக்க வைத்தார்கள். மறுபடி எழுந்தாள். சூப்பர்வைசர் அவள் தோளைப் பிடித்து அழுத்தி, "படும்மா, டிராமா பண்ணாத, வண்டி நிக்குது" என்றார். நான் டிரிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன். மயக்கம் வந்தவள் படுக்கத்தானே பார்ப்பாள்? இவள் படுக்கவே பயப்படுகிறாளே என்று தோன்றியது. உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். ஓரத்தில் எச்சில் வழிந்தது. அதை முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள், விழுங்கவில்லை.

"பேர் என்னம்மா?" என்று அவளைக் கேட்டேன்.

"மாதம்மா" என்று சூப்பர்வைசர் சொன்னார்.

"உங்களைக் கேக்கல சார். நீ சொல்லும்மா."

சொன்னாள். வாயில் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவளைப் போல இருந்தது குரல். பிள்ளைகளே, நோயாளியின் பெயர் உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தாலும் அவளையே கேளுங்கள். பெயருக்காக மட்டும் அல்ல, குரலுக்காகவும் கேளுங்கள். மூச்சுக்குழாய்ப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை எந்த மெஷினுக்கும் முன்னால் அந்தக் குரல் சொல்லிவிடும். கூட வந்தவன் அவள் பெயரைச் சொன்னால், உங்களுக்குத் தெரிவது அவன் குரல் நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

பாட்டிலை வைத்துவிட்டுத் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். "சார், இது தலெ சுத்து அல்ல, கன்ட்டல நோடி" என்று டாக்டரைக் கூப்பிட்டேன். தொண்டையைப் பாருங்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான். அவர் உடனே டார்ச்சோடு வந்துவிட்டார். வாயைத் திறக்கச் சொல்லி, "பாய் திறீம்மா" என்றார். அவள் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். நான் சொன்னேன். மாட்டேன் என்றாள். நாத்தனார் குறுக்கே வந்து, "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க, வெயிலு ஒத்துக்கல" என்றாள். சொல்லும்போது அவளுடைய கண் எங்கள் மீது இல்லை, கட்டிலின் கால்மாட்டில் நின்ற சூப்பர்வைசர் மீது இருந்தது. மாதம்மாவின் கண்ணும் அங்கேதான் இருந்தது. மூச்சு திணறுகிற ஒருத்தி, மூச்சைக் கொடுக்க வந்த டாக்டரை விட்டுவிட்டு, சம்பளம் போடுகிறவனைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையைப் பார்த்தவுடன் எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"சார், கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன்.

"நான் கம்பெனி ஆளு சிஸ்டர். பேஷன்டுக்கு நான்தான் பொறுப்பு, நான்தான் பதில் சொல்லணும்."

"மூச்சு விடறது நீங்களா, அவளா? வெளிய போங்கய்யா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் கறுத்துப்போய் வெளியே நடந்தார். நான் கதவைச் சாத்தினேன். உங்களுக்கு மரியாதையாகச் சொல்லத் தெரிந்தால் மரியாதையாகச் சொல்லுங்கள். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை, அதற்காக நான் இதுவரை வருத்தப்பட்டதும் இல்லை.

கதவைச் சாத்தியதும் சின்னப்பொண்ணு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, செட்டுல எல்லாரும் இத நம்பித்தான் வந்துருக்கறம். இவ ஒண்ணும் திங்கலக்கா, சத்தியமா திங்கல" என்றாள். நான் தின்றாளா என்று கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். உண்மையைச் சொல், சொன்னால்தான் வைத்தியம் என்று மிரட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். எங்களுக்கு வேண்டியது வாக்குமூலமா, அவளுடைய தொண்டையா?

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் கேக்கவும் இல்ல. எதுவும் இந்தக் கதவ விட்டுப் போகாது. அவள வாய மட்டும் திறக்கச் சொல்லு" என்றேன்.

சின்னப்பொண்ணு அவள் காதருகே குனிந்து, "தொற மாது, அந்தாளு இல்ல" என்றாள்.

திறந்தாள். முதலில் வந்தது மாம்பழ வாசனை. நாக்கு ஒரு பக்கம் தடித்து, பல்லை அழுத்திக்கொண்டு நின்றது. டாக்டர் ஸ்பூனால் மெல்ல ஒதுக்கி டார்ச்சை அடித்தார். பின்பக்கம், ஓரத்தில், கறுப்பாக ஒரு முள். தேனீயின் கொடுக்கு. அதற்கும் பின்னால் உள்நாக்கும் அண்ணமும் உப்பிக்கொண்டு, தெரிய வேண்டிய வழி ஒரு கீற்றாகத்தான் தெரிந்தது. டாக்டர் இடுக்கியை வாங்கிக் கொடுக்கை எடுத்தார். அதே மூச்சில் "அட்ரினலின்" என்றார். தொடையில் போட்டோம். ஆக்ஸிஜன் வைத்தோம்.

உங்களுக்குச் சொல்கிறேன், அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டுவிட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வழக்கம் அப்போது எங்கும் இருந்தது. அட்ரினலின் என்றால் பயம், இதயம் படபடக்கும் என்று தள்ளிப்போடுவார்கள். அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் மெதுவாக வேலை செய்கிற மருந்துகள். மூச்சு நிற்கப் போகிறவளுக்கு மெதுவாக வரும் மருந்தை முதலில் கொடுப்பது என்ன நியாயம்? அந்த டாக்டர் வயதில் சின்னவர், ஆனாலும் தயங்கவில்லை. பெயர் சொன்னால் கூச்சப்படுவார் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

ஊசி போட்டவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. மூச்சு இழுக்கும்போது கொர்ரென்ற சத்தம் கேட்க ஆரம்பித்தது. கழுத்தடியில் குழி விழுந்தது. மூச்சு அடைத்துப்போனால் கழுத்தில் துளை போடுவதற்கான கருவித் தட்டைத் திறந்து பக்கத்தில் வைக்கச் சொன்னார் டாக்டர். மாதம்மா அந்தத் தட்டைப் பார்த்தாள். என் கையை நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். நிலைமையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே, "ஜீப் ரெடியா இருக்குது, ஜி.எச்.சுக்கு ஏத்திரலாம் சிஸ்டர். இங்க வெச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களுக்கும் பேரு, உங்களுக்கும் பேரு" என்றார்.

பேர்! அவளுக்கு மூச்சு போகிறது, இவருக்குப் பேர் போகிறதாம். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டுபோனால் வழியிலேயே முடிந்துவிடும். வழியில் முடிந்தால் கம்பெனியிலும் இல்லை, நர்சிங் ஹோமிலும் இல்லை, யார் தலையிலும் விழாது. அதுதான் அவர் கணக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழைக் கலந்து, "ஊசி மொதலு, ஜீப் ஆமேலே. நீ ஆச்செ ஹோகு" என்றார். ஊசி முதலில், ஜீப் அப்புறம், நீ வெளியே போ என்று. பிறகு, முதல் ஊசிக்குப் போதிய பலன் இல்லை என்று பார்த்து இரண்டாவது ஊசி போடச் சொன்னார்.

அந்த இரண்டாவது ஊசிக்குப் பிறகு நாங்கள் நின்ற நேரத்தை என்னால் அளந்து சொல்ல முடியாது. அவள் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்ல மெல்ல அந்தச் சத்தம் குறைந்தது. கழுத்தடிக் குழி ஆழம் குறைந்தது. அவள் எச்சிலைத் தானே விழுங்கினாள். நான் அதுவரை எத்தனையோ பெரிய ஆபரேஷன்களைப் பார்த்தவள். ஒருத்தி எச்சில் விழுங்குவதைப் பார்த்து அழுதது அன்றைக்குத்தான். நன்றாக விழுங்க ஆரம்பித்த பிறகு எதிரிலிருந்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்தோம்.

சாயங்காலம் சின்னப்பொண்ணு நடந்ததைச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் பெங்களூரா பழம் லாரி லாரியாக வந்திருக்கிறது. கனிந்த பழம், வைத்தால் அழுகிவிடும். அதனால் சாப்பாட்டு மணியை அடிக்க வேண்டாம் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் கஞ்சி குடித்துவிட்டு வண்டி ஏறியவர்கள், தூக்குவாளியில் சோறு பக்கத்திலேயே இருக்க, மத்தியானம் தாண்டியும் பழம் அறுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மாதம்மாவுக்குக் கண்ணை இருட்டியிருக்கிறது. யாரும் பார்க்காத நேரம் ஒரு துண்டை வாயில் போட்டிருக்கிறாள். துண்டின் அடிப்பக்கம் தேனீ.

"கொட்டுனதும் துப்புனா தெரிஞ்சிரும்னு அப்படியே முழுங்கிட்டாக்கா. கண்ணுல தண்ணி கொட்டுது, கையி பழத்த அறுக்குது. ஒரு சத்தம் போடல. பக்கத்துல நின்ன எனக்கே அப்பறமாத்தான் தெரியும்" என்றாள். "தெரிஞ்சதும் நீ சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "எப்படிக்கா சொல்றது? செட்டு மொத்தமும் போயிருமே. எங்கத்தை, எங்க பெரியம்மா எல்லாம் செட்டுல இருக்கறாங்க" என்றாள். பேச்சு குழற ஆரம்பித்த பிறகு மேஸ்திரி பித்தம் என்று எலுமிச்சை பிழிந்து கொடுத்திருக்கிறார். சூப்பர்வைசர் நிழலில் படுக்கச் சொல்லியிருக்கிறார். கம்பெனி குளிர் அறையில் ஐஸ் இருந்தது. அதைக் கேட்க வேண்டுமானால் எங்கே கொட்டியது என்று சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது சூப்பர்வைசர் நல்லவிதமாகவே என்னிடம் வந்தார். "எங்க கொட்டுச்சு சிஸ்டர்? வாயிலயா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. என் வாயிலிருந்து வரவேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. "அவ உடம்புல எங்க கொட்டுச்சுன்னு அவளத்தான் கேக்கணும். அவ இன்னிக்குப் பேசக் கூடாது. ராத்திரி திரும்ப வீங்கலாம், இங்கதான் இருப்பா" என்றேன். டாக்டரும் பின்னால் நின்று, "ஷெட்டல்லி தும்ப தேனீ. நெட் ஹாக்கி" என்றார். ஷெட்டில் நிறையத் தேனீ, வலை போடுங்கள் என்று நானும் தமிழில் ஒருமுறை சொன்னேன். "கண்டிப்பா சிஸ்டர், சேஃப்டி விஷயத்துல மேனேஜர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தின்றதாக யாரும் வாயால் சொல்லாததால் செட்டை அனுப்பவில்லை என்றும், கொஞ்ச நாளில் மாதம்மா வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்றும் தெரிந்தது. அந்த மேனேஜரே போன் செய்து, ஆட்களுக்கு முதலுதவி பற்றி ஒரு மணி நேரம் பேச வர வேண்டும் என்று கூப்பிட்டார். பரவாயில்லையே என்று சந்தோஷமாகத்தான் போனேன்.

ஷெட்டுக்குள் நுழைந்தேன். அரைச் சுவர் அப்படியே இருந்தது. வலை இல்லை. தேனீக்கள் அப்படியே இருந்தன. ஒன்று மட்டும் புதிது. பழம் அறுக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் வாயை மூடித் துணி கட்டியிருந்தார்கள். மூக்குக்குக் கீழே இறுக்கி, பின்னந்தலையில் முடிச்சு. ஜூன் மாதப் புழுக்கத்தில், கொதிகலனுக்குப் பக்கத்தில். மேனேஜர் பெருமையாக, "உங்க கேஸுக்கு அப்புறம்தான் மேடம் இத கொண்டு வந்தோம். இனிமே யாருக்கும் வாய்க்குள்ள கொட்டவே வாய்ப்பில்ல" என்றார்.

தேனீக்குக் கதவு திறந்தே இருக்கிறது, பெண்களின் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். உயிரைக் காப்பாற்ற என்று நாங்கள் சொன்னதை எடுத்துக்கொண்டுபோய்ப் பழத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். துணி கட்டியவர்களில் மேஸ்திரி இல்லை, சூப்பர்வைசர் இல்லை, லோடு இறக்குகிற ஆண்கள் இல்லை. அவர்கள் வாயைக் கண்டால் தேனீ ஒதுங்கிப் போகுமா?

பெண்களை ஒரு பக்கமாக உட்கார வைத்தார்கள். மேனேஜரும் சூப்பர்வைசரும் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் வெட்டுக்காயம், தீக்காயம் என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இரண்டாவது வரிசையில் மாதம்மா இருந்தாள். துணிக்கு மேலே மூக்கும் கண்ணும்தான் தெரிந்தன. நான் வேண்டுமென்றே அவள் பக்கம் பார்க்கவில்லை. தேனீக் கொட்டு வந்தபோது, கையில் கொட்டினால் என்ன, வாய்க்குள் கொட்டினால் என்ன என்று சொல்லி, "வாய்க்குள்ள கொட்டுனா ஒரு நிமிஷம்கூட மறைக்காதீங்க, உடனே சொல்லுங்க" என்றேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "நம்ம யூனிட்ல அந்தப் பிரச்சினையே கிடையாது மேடம். இங்க யாரும் பழம் சாப்பிட மாட்டாங்க" என்றார்.

மாதம்மா எழுந்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். குரல் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

"நான் தின்னங்க. பசிச்சுது, தின்னன். நாக்குலதான் கொட்டுச்சு. சொன்னா செட்ட அனுப்பிருவீங்கன்னு சாகறதுக்கு இருந்தன்."

மேனேஜர் மேஸ்திரியைப் பார்த்து, "இது யாரு செட்டுய்யா?" என்றார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். என்னால்தான் இந்தப் பெண் இத்தனை குடும்பத்துப் பிழைப்பையும் தொலைக்கப் போகிறாளோ என்று நினைத்தேன். அதற்குள் சின்னப்பொண்ணு எழுந்து துணியைக் கழற்றினாள். "நானுந்தாங்க தின்னன். நேத்தும் தின்னன்" என்றாள். வேறொரு செட்டிலிருந்து ஒருத்தி தெலுங்கில், "நேனு கூட தின்னா" என்றாள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் செட்டில் ஒரு பெரியவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நானூ திந்தீனி, ஏனீக?" என்று கேட்டாள். நானும் தின்றேன், இப்போது என்ன அதற்கு என்று. யாரோ சிரித்தார்கள். துணிகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன.

மேனேஜர் வெளியே பார்த்தார். வாசலில் பழ லாரிகள் வரிசையாக நின்றன. வெயிலில் பழம் கனிந்துகொண்டிருந்தது. எந்தச் செட்டை அனுப்புவது? எல்லாச் செட்டையும் அனுப்பினால் யார் அறுப்பது? கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி சரி, டைம் ஆவுது, எல்லாரும் போய் வேலையப் பாருங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்தப் பயங்கரமான சட்டம் அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, இன்னும் அதிகமாகக் கோபம்தான் வந்தது. சீசன் உச்சத்தில் ஒரு செட்டைக்கூட அனுப்ப முடியாத கம்பெனி, அனுப்பிவிடுவேன் அனுப்பிவிடுவேன் என்று சொல்லியே ஒரு பெண்ணைத் தேனீயோடு சேர்த்துப் பழத்தை விழுங்க வைத்தது. இந்த வெற்று மிரட்டலுக்குத்தான் அவள் கழுத்தில் துளை போடத் தட்டைத் திறந்து வைத்தோம்.

ஜீப் வரை வந்த மேனேஜர் கடுகடுவென்று, "உங்கள ஃபர்ஸ்ட் எய்டு சொல்லிக்குடுக்கத்தான மேடம் கூப்பிட்டோம்? இப்படிக் கிளப்பி விட்டுட்டுப் போறீங்களே" என்றார்.

"அதத்தான் சார் சொல்லிக்குடுத்தேன். இனிமே கொட்டுனா கொட்டுனவுடனே சொல்லுவாங்க. நீங்க ஐஸ மட்டும் கையில குடுங்க" என்றேன்.

என்னை மறுபடி அவர்கள் கூப்பிடவில்லை. வலையும் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் அந்த சீசன் முடிவதற்குள் அதே ஜீப் இன்னொரு முறை எங்கள் வாசலில் வந்து நின்றது. சூப்பர்வைசர் முன்னால் இறங்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஒரு பெண், வாயில் ஐஸ்கட்டியோடு, தானே நடந்து வந்தாள். அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து ஐஸைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னாள்: "பழம் திங்கும்போது கொட்டிருச்சுங்க சிஸ்டர். நாக்குல, இந்தப் பக்கம்."